சுண்டுவிரல் சிலுவை

மதலேனம்மாள் வாக்கப்பட்டு வந்த வீட்டில் வேலை என்றால் வெயிலில் குனிந்து நிமிர்வதுதான். கடலைக்கொடி பிடுங்குவார்கள், களை வெட்டுவார்கள், கல் சுமப்பார்கள். மொரப்பூருக்குப் பக்கத்து ஊர் அது. அந்த வீட்டு மருமகளான அவள் அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராகச் சேர்ந்ததும், விசிறிக்கடியில் உட்கார்ந்து விரலாட்டச் சம்பளமாம் என்று ஓரகத்தி ராயம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மனசில் ஒன்றும் கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தச் சிரிப்பு மதலேனம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

அந்த விரலாட்டத்தை ராயம்மாள் ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். இரும்புக் கட்டையாய் ஒரு இயந்திரம். ஒரு தாளுக்கு அடியில் கார்பனும் நகலுமாக ஒரு கத்தை. கடைசி நகலிலும் எழுத்து தெரிய வேண்டுமென்றால் ஓங்கி ஓங்கி அடித்தாக வேண்டும். மேசையோ ஆஜானுபாகுவான ஆண்களுக்குச் செய்தது. அவள் குள்ளம். பழைய கெஜட் கட்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து உயரத்தைச் சரிக்கட்டி வைத்திருந்தாள். சோதனைக்கு வந்த அதிகாரி, அரசாங்கக் காகிதத்தின்மேல் உட்காரலாமா என்று அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார். காகிதத்துக்கு இருந்த மரியாதை அவள் கைக்கு இல்லை. அன்று முதல் மணிக்கட்டை மடக்கித் தூக்கியபடியேதான் அடித்தாள்.

முதலில் கழுத்து பிடித்தது. பிறகு வலது மணிக்கட்டு. பிறகு விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு மதமதப்பு. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெந்நீரில் கையை ஊறவைப்பாள், பேருந்தில் முந்தானைக்குள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்வாள். கொடி பிடுங்கிக் காய்ப்புக் காய்த்த கைகளுக்கு நடுவே, உட்கார்ந்து வேலை செய்தவள் வலி என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? அலுவலகத்திலும் சொல்ல முடியாது. அவளுடையது தற்காலிக வேலை. ஈஸ்டர் கழிந்ததும் நிரந்தர ஆணை வரும், அதுவரை விடுப்பு எடுக்காமல் இருங்கள் என்று தலைமை எழுத்தர் ராஜப்பன் சொல்லியிருந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷம் தபசு காலம் பிறந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வேதக்காரர்கள் பிடித்ததை விட்டு நோன்பிருக்கும் காலம் அல்லவா? கணவன் பிலவேந்திரன் கறியை விட்டான். ராயம்மாள் வெற்றிலையை விட்டாள். மதலேனம்மாள் யாருக்கும் தெரியாமல் வெந்நீரை விட்டாள், தைலத்தை விட்டாள், மணிக்கட்டுத் துணியை விட்டாள். நடுநடுவே கையை உதறிக்கொள்வதைக்கூட விட்டாள். சொல்ல முடியாத வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் அதற்கும் ஒரு மதிப்பு வரும் என்று அந்தப் பேதை நினைத்தாள். பாதி தபசில் வலி மெல்லக் குறைந்தது. காணிக்கையை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் காலை. வேலைக்குக் கிளம்புமுன் மகள் புஷ்பமேரியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவது அவள் வழக்கம். அன்றும் போட்டாள். வலிக்குது என்று பிள்ளை முகத்தைச் சுளித்தது. பள்ளிக்கூடம் போகச் சிணுங்குகிறது என்று நினைத்து மதலேனம்மாள் பையை எடுத்தாள். தலை வாரிவிட வந்த ராயம்மாள் பிள்ளையின் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றாள். நகம் கீறி ரத்தம் துளிர்த்திருந்தது.

"பெத்த புள்ள நெத்தியைக் கீறியிருக்கியே, உனுக்குத் தெரியல?"

ராயம்மாள் மதலேனம்மாளின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றினாள். பேருந்துக்கு நேரமாகிறதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மதலேனம்மாள் எதேச்சையாகக் குனிந்தபோதுதான் தன் கட்டைவிரலிலும் ரத்தம் நிற்பதைக் கண்டாள். ராயம்மாள் ஊக்கால் குத்தினது தெரியவே இல்லை. வலி போனதற்குக் காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். தபசு காணிக்கையையும் சொன்னாள்.

"சாமி உன் கையக் கேட்டாராடி?" என்றாள் ராயம்மாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதாங்க்கா."

ராயம்மாள் கடலைக்காட்டில் கால் முறிந்தபோதுகூட அழாதவள். அன்று அழுதாள்.

கையைப் பார்த்த டாக்டர், நரம்பு நசுங்கிவிட்டது, மாதக்கணக்கில் தட்டச்சைத் தொடக்கூடாது, மீறினால் கை உதவாது என்றார். ஆணையா கையா என்று மதலேனம்மாள் இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தாள். கடைசியில் இடது கையால் கோணல்மாணலாக விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்த ஆணை வேறொருவருக்குப் போனது. அவளுக்கு வேலை நிரந்தரமாகப் பல வருஷம் பிடித்தது. அந்த விடுப்பு முழுக்க அவளுக்குத் தலை வாரியது, தண்ணீர் சேந்தியது, கையில் ஒத்தடம் கொடுத்தது எல்லாம் ராயம்மாள்தான். திரும்ப வேலைக்குப் போனபோது, நாற்காலியில் போட்டு உட்கார ஒரு பலகையை ஆசாரியிடம் செய்து வாங்கி, அரூர் வரை தானே தூக்கிப்போய் வைத்துவிட்டு வந்தாள்.

கை பிழைத்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. சுண்டுவிரல் ஒன்றுதான் பழுதில்லாமல் தப்பியது. அன்றிலிருந்து மகளுக்கு அந்த விரலால்தான் சிலுவை போட்டாள்.

எழுபத்தொன்பதில் புஷ்பமேரிக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மொரப்பூர் ஸ்டேஷனில் வழியனுப்ப ஊரே வந்திருந்தது. ரயில் வந்து நின்றதும் புஷ்பமேரி குனிந்து நெற்றியைக் காட்டினாள். இத்தனை பேர் பார்க்கச் சுண்டுவிரலை நீட்டக் கூச்சப்பட்டு, மதலேனம்மாள் கட்டைவிரலைத் தூக்கினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை மெதுவாக மடக்கிவிட்டு, சுண்டுவிரலைப் பிரித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"இதாலயே போடும்மா. இதுக்குத்தான் என்னியத் தெரியும்."

மதலேனம்மாள் போட்டாள். பக்கத்தில் ராயம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.