மாராத்தாள் போடாத கையெழுத்து

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது ஊரார் குடும்பச் சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகு, அதையே அழகாக நாலு பிரதி எழுதிக் கொடுப்பது. எழுபதுகளில் மலையாள தேசத்துச் சித்தூர் கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்ற புண்ணியவான்களே, உங்களுக்கு என் அலுப்பு புரியும்.

மூன்று வழி

பெருமாட்டியிலிருந்து மாராத்தாள் ஒரு நோட்டீசுடன் வந்தார். அப்பா தன் பேருக்கு எழுதி வைத்த தென்னந்தோப்பை விற்பதாக மாராத்தாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். உடனே பத்திரம் பதிந்து தரவேண்டும் என்று வாங்க வந்தவர் கேட்டிருந்தார். மாராத்தாளுக்கு அப்படியொரு ஒப்பந்தமே தெரியாது. சூரியநெல்லிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வாங்கும் ஆசையில், புருஷன் பழனிச்சாமிதான் மாராத்தாளின் கையெழுத்தைப் போட்டுவிட்டாராம். அந்தத் தோப்பும் அதற்குள் இருக்கும் வீடும்தான் மாராத்தாளுக்கு உலகத்தில் சொந்தம்.

வக்கீல் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இது என் கையெழுத்தல்ல என்று நோட்டீசுக்குப் பதில் அனுப்பலாம். ஒப்பந்தம் செல்லாது என்று சிவில் கேஸ் போடலாம். கள்ளக் கையெழுத்துக்காகப் புருஷன் மேல் கிரிமினல் புகார் கொடுக்கலாம், நிரூபணமானால் ஜெயில். மாராத்தாள் நன்றாக யோசித்தார்.

“மொத ரெண்டையும் பண்ணிப்போடுங்க. மூணாவது வேண்டாமுங்க. அவிக உள்ள போயிட்டா மாட்டுக்கு ஆருங்க தண்ணி காட்டறது?”

தூக்குப்போசி

வாங்க வந்தவரோடு பழனிச்சாமியையும் பிரதிவாதியாகச் சேர்த்தோம். கேஸ் ஒன்றரை வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா பழனிச்சாமியும் வருவார். மத்தியானம் பார்த்தால் புளியமரத்தடியில் மாராத்தாள் தூக்குப்போசியைத் திறந்து எதிர்க்கட்சிக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்று வாங்க வந்தவரின் வக்கீல் சொல்லமாட்டாரா என்று சத்தம் போட்டேன்.

“கேசு கேசா இருக்கட்டுங்ணா. அவிக பசி தாங்கமாட்டாங்க.”

சுழி

மனுப் போட்டு ஒரிஜினல் ஒப்பந்தத்தைப் பார்க்கப் போனேன். மாராத்தாளின் கையெழுத்து அச்சு அசலாக இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் கட்சிக்காரரை முழுசாக நம்புவது கஷ்டம். அப்புறம்தான் கையெழுத்துக்கு மேலே துளியூண்டு பிள்ளையார் சுழியைக் கவனித்தேன். கீழே சாட்சியாகப் பழனிச்சாமி போட்டிருந்த கையெழுத்துக்கு மேலேயும் அதே சுழி, அதே நீண்ட வால். நகலில் அதைப் பார்த்த எங்கள் வக்கீல் மைக்கறை என்று நினைத்திருந்தார்.

மாராத்தாள் கையெழுத்திட்ட பழைய காகிதங்களையெல்லாம் புரட்டினேன். ஒன்றிலும் சுழி இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“களவாணிக் கையெழுத்தக்கூட சாமி கும்புட்டுப்போட்டுத்தான் போட்டிருக்கறாங்க, பாருங்க!”

கூண்டு

பழனிச்சாமி கூண்டில் ஏறி, கையெழுத்துப் போட்டது மனைவிதான், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் வக்கீல் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கை தானாகச் சுழி போட்டது. மாராத்தாளின் பெயரையும் எழுதச் சொன்னார். அதற்கும் முதலில் சுழிதான். முனிசிப் ஜட்ஜ் அந்தத் தாளையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழனிச்சாமி மாராத்தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நாந்தானுங்க போட்டேன்” என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ஒப்பந்தம் மாராத்தாளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. இப்போதாவது புகார் கொடுங்கள், வாயாலேயே ஒப்புக்கொண்டாரே, நாளைக்கு மறுபடியும் இதையே செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மாராத்தாள் கோர்ட்டு வாசலருகே தனியாக நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டே, அவருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

“தோப்பும் ஊடும் எம்பேர்லதானுங்க இருக்குது. இத்தன நாளா நானு அவிக ஊட்டுல இருக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். இன்னையிலிருந்து அவிக என் ஊட்டுல இருக்கறாங்க.”

புருஷன் பெண்டாட்டி கேஸில் ஜெயிப்பது தோற்பதெல்லாம் அவர்கள் பாடு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வராந்தாவில் நின்று ஆத்திரப்பட்டுக்கொண்டிருப்பது மட்டும் குமாஸ்தா பாடு.