மணமாகாதவரின் மனைவி

வின்சென்ட்டின் கையிலிருந்த ஈய எழுத்துகள் தரையில் சிதறின. பினாங்கில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பது அவன் வேலை. 1932 மே மாதம் ஒரு நாள், லண்டன் செய்தி ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தபோது தன் தகப்பன் பெயரையே கோக்க வேண்டியதாயிற்று.

ஹார்ல்காட் குடும்பத்துக்கு இருநூறு வருஷமாக ‘சர்’ பட்டம் உண்டு. தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போவது; மகன் இல்லாவிட்டால் தம்பி வழிக்கு. கடைசியாக அதை வைத்திருந்தவர் லண்டனில் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். பினாங்கில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த அவருடைய தம்பி மார்ட்டின் 1914இல் மணமாகாமலே மாண்டார். ஆகவே பட்டம் அற்றுப்போயிற்று. செய்தி அவ்வளவுதான்.

மணமாகாமல். அந்தச் சொல்லுக்கு வின்சென்ட்டின் விரல்கள் நகரவில்லை. பக்கத்திலிருந்த பாக்கியசாமி முடித்துக்கொடுத்தார்.

சுங்கை பினாங் வீட்டில் அவன் அம்மா சவுந்தரம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கணவன் காய்ச்சலில் போனதிலிருந்து அந்த மிஷின்தான் மகனையும் மகள் கேத்தரினையும் வளர்த்தது. வின்சென்ட் செய்தியைச் சொன்னதும் அவள் கால் நின்றது.

“பட்டமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவரு. தோட்டத்துல கைலியோட திரிவாரு.” பிறகு நிமிர்ந்தாள். “கல்யாணம் ஆகலைன்னு யாரு சொன்னா? பாலிக் புலாவ் மாதா கோவில்ல போய்ப் பாரு. கையெழுத்து இருக்கு.”

இருந்தது. மறுநாள் பஸ் ஏறிப் போனவனுக்குப் பங்குச் சாமியார் கல்யாணப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மார்ட்டின் ஹார்ல்காட், சவுந்தரம், 1909 ஜூன் 14. தேதியை அவன் இரண்டு முறை படித்தான். அவன் பிறந்தது அதே வருஷம் மார்ச்சில்.

கல்யாணமே செல்லாதோ என்ற பயத்தில் பதிவேட்டின் நகலோடு வக்கீல் மீரா சாகிப்பிடம் போனான்.

“கல்யாணம் செல்லும் தம்பி. ஆனா அந்தப் பட்டம் கல்யாணத்துக்கு அப்புறம் பொறந்த ஆம்பளப் பிள்ளைக்குத்தான்.”

“தங்கச்சி அப்புறந்தான் பொறந்தா.”

“பொண்ணுக்குக் கிடையாது.”

அன்று மாலை அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான். “ஏம்மா முன்னாடியே கட்டிக்கல?”

“அவரு நம்ம கத்தோலிக்க வேதத்துல சேந்தாத்தான் கட்டிவைப்பேன்னுட்டாரு சாமியார். அவரு செபமெல்லாம் படிச்சு முடிக்க ஒரு வருஷம் ஆச்சு. நீ காத்திருக்கல.”

ஒரு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. பட்டம் போனதற்காக அல்ல. தான் கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவன் என்பது இருபத்துமூன்று வருஷம் தனக்குத் தெரியாமல் இருந்ததற்காக.

பள்ளி ஆசிரியையான கேத்தரின், பட்டக் குடும்பங்களின் விவரநூல் வெளியிடும் லண்டன் பதிப்பகத்துக்கு நகலை அனுப்பினாள். பட்டம் வேண்டாம், தகப்பன் மணமாகாதவர் என்பதை மட்டும் திருத்துங்கள் என்று கேட்டாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் வரப்போகும் வரியையும் எழுதியிருந்தார்கள்: ‘மனைவி: சவுந்தரம். பிள்ளைகள்: ஒரு மகள் மட்டும்.’

படித்துக் காட்டிக்கொண்டிருந்த கேத்தரினின் குரல் இறங்கிவிட்டது. வின்சென்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சவுந்தரத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

“ஒரு மகளா? அப்ப இவன்?”

கேத்தரின் கடிதத்தை மடித்தாள்.

“எம் பேர எடுத்துறச் சொல்லி எழுது,” என்றாள். “இவன் இல்லாத எடத்துல நான் எதுக்கு?”

“அப்புறம் உங்களக் கட்டிக்காத பொம்பளன்னு சொல்லுவாங்கம்மா,” என்றாள் கேத்தரின்.

“சொல்லிட்டுப் போகட்டும்.”

கேத்தரின் அன்றைக்கே எழுதினாள். அவசரத்தில் உறையில் முகவரி கோணிக்கொண்டு போயிற்று. வின்சென்ட் வேறோர் உறையை எடுத்து, அவளிடமிருந்து பேனாவை வாங்கி, முகவரியைத் தானே எழுதினான்.