வெயில் சோறு

ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் அலுமினியத் தாள், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு டப்பா, மேலே மூட ஒரு கண்ணாடித் துண்டு. மூன்றாம் வகுப்பில் எங்கள் மேடம் செய்துவரச் சொன்ன சூரிய அடுப்புக்கு இவ்வளவுதான் வேண்டும். வெயிலும் வேண்டும் என்பதை மேடம் தனியாகச் சொல்லவில்லை. தில்லியில் அது நவம்பர் மாதம். ஊரையே புகை மூடியிருந்தது. சூரியன் இருக்கும் திசையை யூகித்துத்தான் பெட்டியைத் திருப்பி வைப்பேன்.

ஜனக்புரியில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். அதற்கு மேல் மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை தோறும் டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டுத் தண்ணீர் விட்டு, பெட்டியை அங்கே வைத்துவிடுவேன். அப்பாவுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் மத்தியானம் மேலே வந்து டப்பாவை வாங்கிக்கொள்வார். அவர் மெல்லும்போது நறுக் நறுக்கென்று கேட்கும். "நல்லா வெந்திருக்குடா கண்ணம்மா" என்பார். எனக்கு ஒரு வாய் கேட்டால், "ஆசை, தோசை, அப்பளம், வடை! இது சூரியன் எனக்குன்னு சமைச்சது" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓமத் தண்ணீர் குடிப்பார். அம்மா அவரைத் திட்டுவாள். எதற்கென்று எனக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிடுவார்கள்.

நாலாவது வாரம், சனிக்கிழமை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவை, மறுநாள் காலையில் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றைக்கென்று பார்த்துக் காற்றடித்து, புகை கலைந்து, வெயில் பளீரென்று அடித்தது. ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? அந்த வெயில்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சித்தப்பா சென்னையிலிருந்து விமானத்தில் வந்து சேர வேண்டும். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி எனக்குப் பால் காய்ச்சலாமென்று சமையலறைக்குள் போனார். துவாரகாவிலிருந்து வந்திருந்த அத்தை ஓடிப்போய்த் தடுத்து, அவருக்கு இந்தியில் ஒருதரம், எங்களுக்குத் தமிழில் ஒருதரம் சொன்னாள்: "எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் கூடாது."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அப்பா செத்துப்போனது எனக்குத் தெரியும். செத்துப்போனவர்களுக்குப் பசிக்காது என்பதுதான் தெரியாது. என் பெட்டியில் நெருப்பே கிடையாதே! யாரையும் கேட்காமல் அரிசியைப் போட்டு மாடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்குச் சித்தப்பா வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து அப்பாவின் வாயில் பச்சரிசி போட்டார்கள். வாய்க்கரிசி என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அடுப்பு எரியாததால்தான், வேறு வழியில்லாமல், வேகாததைப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். மாடிக்கு ஓடி, சுடுகிற டப்பாவை ஃபிராக்கில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

"பச்சையா போடாதீங்க அத்தை. சோறு இருக்கு. அடுப்பே பத்த வைக்கலை, ப்ராமிஸ்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கையை நீட்டி டப்பாவை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டைக் கழுவிவிட்டு, எல்லோரும் குளித்தோம். காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள்.

"வெந்திருக்குடி" என்றாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அதுவரை அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. நானும் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அப்பா சாப்பிடும்போது கேட்கிற அந்தச் சத்தம் வரவே இல்லை. பஞ்சாகக் குழைந்திருந்தது. இந்தத் தடவை கெடுத்துவிட்டேன், அதனால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா" என்றேன். "அடுத்த சண்டே, அப்பாவுக்குப் பண்ணின மாதிரியே சரியா பண்ணிடறேன்."