குற்றம் குழம்பில் இல்லை

டென்மார்க்கில, எஸ்பியர்க் எண்ட ஊரில ஒரு டொக்டரின்ரை கிளினிக்கில தாதியாய் வேலை செய்து ஓய்வெடுத்தவள் நான். இந்த வேலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு ஒரு கதை சொல்லவேணும். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

குகன் அண்ணை பஸ் ஓட்டுறவர். ரத்தப் பிறசர் நூற்றித் தொண்ணூறு. இரண்டு வகை மருந்துக் குளிசை போட்டும் இறங்கேல்லை. ரத்தத்தில பொட்டாசியம் குறைவு, காலில தசை இழுத்துப் பிடிக்கிற குறண்டல் வேறை. பிறசர் இறங்குமட்டும் பஸ்ஸைத் தொடக்கூடாது எண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார். மனிசன் இடிஞ்சு போனார். "ஐம்பத்தெட்டு வயசில ஆர் தங்கச்சி எனக்கு வேறை வேலை தரப்போறான்?"

எல்லாரும் அவற்றை மனிசி தேவகி அக்காவைத்தான் பிடிச்சம். கருவாட்டை நிப்பாட்டுங்கோ, ஊறுகாயை நிப்பாட்டுங்கோ, உப்பைக் குறையுங்கோ.

"உப்பை எப்பவோ விட்டிட்டன் தங்கச்சி. குழம்பு வாயில வைக்கேலாது," எண்டா அக்கா. ஆர் நம்பினது?

"இனிப்புகள் சாப்பிடுறனீங்களோ?" எண்டு டொக்டர் கேட்டதுக்கு அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இல்லை எண்டார்.

அடுத்தமுறை வந்தபோது நான் பிறசர் பாக்கக் கையில பட்டியைச் சுத்த, மனிசன் இருமினார். சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருந்து ஒரு பையை எடுத்து, கறுப்பாய் ஒண்டை வாயில போட்டார். எனக்கும் நீட்டினார். லக்ரிஸ்! டென்மார்க்கில எந்தக் கடையிலயும் காசு கட்டுற இடத்தில தொங்குற கறுப்பு மிட்டாய்.

"அண்ணை, இது எவ்வளவு நாளா?"

"சிகரெட்டை விட்டதிலயிருந்து. ஒரு நாளைக்கு ஒரு பை முடியும்."

"இனிப்பே சாப்பிடேல்லை எண்டனீங்கள்!"

"இது இனிப்போ பிள்ளை? எங்கட அதிமதுரமெல்லோ! தொண்டைக்கு மருந்து. இயற்கையான வேர், அது என்ன செய்யப்போகுது?"

அட கடவுளே! அந்த வேரில இருக்கிற சத்து உடம்பில உப்பையும் தண்ணியையும் மறிச்சு வைக்கும், பொட்டாசியத்தை வெளியில தள்ளும், பிறசரை ஏத்தும். "மருந்து எண்டு நீங்களே சொல்லுறியள். மருந்தை ஆராவது பை பையாய்த் தின்பினமோ?" எண்டு கத்திப்போட்டன். டொக்டர் தலையில கையை வைச்சார்.

லக்ரிஸை நிப்பாட்டின சில கிழமையில பிறசர் இறங்கிச்சு, ஒரு குளிசையும் குறைஞ்சுது. டொக்டர் பஸ் ஓட்டச் சொல்லிட்டார். அண்ணைக்கு வாயெல்லாம் பல்லு. அக்கா மட்டும் கதிரையில இருந்து விக்கி விக்கி அழுதா.

"என்ரை கையாலை சமைச்சுப் போட்டே இந்த மனிசனைச் சாகடிக்கிறன் எண்டு அடுப்படிக்குப் போகப் பயந்தனான். எல்லாரும் என்ரை சட்டியைத்தானே கேட்டியள்? அவற்றை பொக்கற்றை ஒருத்தரும் கேக்கேல்லையே!"



பிள்ளையள், என்ன சாப்பிடுறியள் எண்டு கேட்டால் எங்கட சனம் சோறு கறியைத்தான் சொல்லும். வாய்க்குள்ளை போற எல்லாத்தையும் கேளுங்கோ. சமைக்கிறவளைக் குற்றம் சொல்ல முந்திக் கேளுங்கோ.