கோமா நின்ற கரை

கடலோர ஊரிலிருந்து இந்த மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலை நரைத்த பிறகும், சதாயே பனியில் கால் வைத்து மலை ஏறியதில்லை. அது கணவர் யசோகிச்சியின் வேலை. ஊருக்குள் செர்ரி பூத்தாலும் மேலே பள்ளங்களில் பழைய பனி கிடக்கும். விடியலில் அது இறுகியிருக்கும்போதே நாய் கோமாவோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் கூடை நிறையப் பெரணிக் குருத்து என்னும் மலைக்கீரையோடு இறங்கிவிடுவார். வேகவைத்து, வெயிலில் போட்டுத் தேய்த்து உலர்த்துவது இவள் பாடு.

எங்கே பறித்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட இடத்தைச் சொல்லாமல் செத்துப்போவார்கள். ஒரு தடவை சதாயே கேட்டுப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. கோமாவுக்குத் தெரியும், அது போதும்."

"அப்ப அதையே தேய்ச்சு உலர்த்தச் சொல்லுங்க!"

ஓடைக்கு மேல் பனி பாலம்போல் மூடிய இடங்களில் கோமாவைத்தான் முதலில் அனுப்புவார். அது அக்கரையில் நின்று வாலாட்டினால் இவர் தாண்டுவார். இவர் போய்ச் சேரும்வரை அது அசையாது, அப்படிப் பழக்கியிருந்தார். நாயின் கனம் என்ன, தன் கனம் என்ன என்று அந்தக் கெட்டிக்கார மனுஷன் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் அவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கோமா மட்டும் வந்தது, வயிறு ஒட்டி, பாதமெல்லாம் வெடித்து. தேடப் போனவர்களுக்கு அவருடைய சித்தப்பா மகன் கொன்ரோக்கு தலைவன். அண்ணனுடைய இடம் தெற்குப் பள்ளத்தாக்குதான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். நாயைக் கூட்டிப் போகச் சொன்னாள் சதாயே.

"எசமானை விட்டுட்டு ஓடி வந்த நாய், அண்ணி. அதைக் கூட்டிக்கிட்டு ஏறினா எங்களையும் பொதைச்சிட்டுத்தான் வரும். வேற வீடா இருந்தா இந்நேரம் அடிச்சே கொன்னிருப்பாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊரும் நாயைத்தான் குறை சொன்னது. சதாயேவும் நம்பினாள். சோறு வைக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

தெற்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பனியை உருக்கும் சூட்டுக் காற்று வீச ஆரம்பித்தது. ஓடை பெருகினால் உடலை அடித்துக்கொண்டு போய் அணையில் தள்ளிவிடும், பொறுக்க எலும்புகூட மிஞ்சாது. வெறும் சவப்பெட்டியை எரிப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. விடிந்ததும் அவருடைய பழைய பூட்ஸில் துணி திணித்து மாட்டிக்கொண்டு, கோமாவை அவிழ்த்தாள்.

"ஓடி வரத் தெரிஞ்சுதில்ல? போ. எங்க விட்டுட்டு வந்தியோ அங்க கூட்டிட்டுப் போ."

அது வடக்கே திரும்பியது. அவள் விழுந்து எழும் இடத்திலெல்லாம் நின்று நின்று போனது. கடைசியில் ஒரு ஓடை, அதன்மேல் பனிப் பாலம், நடுவில் ஆள் அளவுக்கு ஓட்டை. கோமா ஓட்டைக்கு ஓரமாகத் தாண்டி, அக்கரையில் நின்று, அவளைப் பார்த்து வாலாட்டியது.

எடுத்த காலை அவள் பின்னுக்கு வைத்தாள். இது எங்கே ஓடி வந்தது? பழக்கினபடி தாண்டி, பழக்கினபடி நின்று, வராத ஆளுக்காக இங்கேயே பட்டினி கிடந்திருக்கிறது. பாறை விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். கற்களுக்கிடையில் கூடையின் நீலப் பட்டை, அதற்குக் கீழே அவர் முதுகு.

"நாசமாப்போன கீரை!" என்று கத்தி அழுதாள்.

மேட்டில் ஏறி, கைபேசியில் கொன்ரோக்குவைக் கூப்பிட்டாள். ஆட்கள் கயிறோடு வந்து அவரை இந்தக் கரையில் தூக்கிக் கிடத்தி, முகத்தைத் துணியால் மூடினார்கள். கொன்ரோக்கு கண்ணைத் துடைத்தான். துடைத்த கண் அக்கரைச் சரிவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பனி விலகிய மண் முழுக்கப் பெரணிக் குருத்து.

"அடேயப்பா, இங்கயா பறிச்சாரு அண்ணன்!"

"நீயே பறிச்சுக்கோ. ஆனா நாய் தாண்டுச்சுன்னு நீயும் தாண்டாத."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோமா இன்னும் அக்கரையில் அந்த ஓட்டையைப் பார்த்தபடியே நின்றது. எல்லோரும் சீட்டியடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. சதாயே அவர் முகத்தை மூடிய துணியை விலக்கினாள்.

"அவரு இந்தப் பக்கந்தான் இருக்காருடா கோமா. நீ நின்னது போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

அப்புறம்தான் அது வந்தது.