ஒன்பதாம் பாகத்து நரி

எங்கள் பதிப்பகத்துப் பிழை திருத்துபவர், வரிக்கு வரி விலங்குகளின் வாலை எண்ணிக்கொண்டேதான் திருத்துவார். வலது கையில் பென்சில், இடது கைக்கு எட்டும் தூரத்தில் நீல நோட்டு. விலங்கு ராஜ்ஜியக் கதை ஒன்று எட்டுப் பாகம் வந்து சக்கைப்போடு போடுகிறதே, அதில் எந்த விலங்குக்கு எந்தக் குணம் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. கீரி: வீரம். அணில்: நாணயம். நரி: பொய், திருட்டு, துரோகம், விலக்கே கிடையாது. பதிப்பகத்தில் அவருக்கு வாலெண்ணி என்று பெயர். அணில் வாலில் ஒரு மயிர் கூடினாலும் அவருக்குத் தும்மல் வந்துவிடுமாம். நானே இரண்டு தும்மல் கேட்டிருக்கிறேன்.

மனிதர்களையும் நோட்டு விடுவதில்லை. வீட்டுக்காரர் முள்ளம்பன்றி. தபால்காரர் அணில். பெண் பார்க்கப் போன அன்றே மனைவியின் அண்ணனை நரிப் பக்கத்தில் சேர்த்துவிட்டார்.

ஆறாம் பாகத்தில் ஆமை ஒன்று மரமேறியது. எழுத்தாளரின் கைப்பிசகு; இவர் கண்ணில் படவில்லை. அச்சடித்த அத்தனையும் பழைய காகிதக் கடைக்குப் போயிற்று. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன் சார்" என்று பதிப்பக முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

இன்று அவர் வீட்டு மேசையில் ஒன்பதாம் பாகம். நாலு மணிக்கு அச்சேற வேண்டும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிபட்ட முயல்குட்டிக்கு ஒரு நரி தண்ணீர் கொடுக்கிறது. கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறது. திருடவில்லை, கடிக்கவில்லை.

கீரியைத்தான் நினைத்து நரியை எழுதிவிட்டாரோ? எழுத்தாளர் கப்பல் பயணத்தில், போன் எடுக்கவில்லை. வாலெண்ணி நரியை அடித்துவிட்டுக் கீரி என்று எழுதினார். ரப்பரால் அழித்தார். மறுபடி எழுதினார்.

"ஏம்மா, நரி தண்ணி குடுக்குமா?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க மயங்கி விழுந்தப்போ எங்கண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு."

"அது வேற. அன்னிக்கு அவன்கிட்ட வண்டி இருந்துச்சு."

"வண்டி வச்சிருந்த மத்தவங்கல்லாம் எங்க போனாங்களாம்?"

நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "ஒருவேளை தந்திரமோ? பத்தாம் பாகத்துல வந்து கடிக்குமோ?"

"கடிக்கும், கடிக்கும். எங்கண்ணனும் பதினெட்டு வருஷமா பல்லைத் தீட்டிட்டேதான் இருக்காரு."

வாசலில் முதலாளியம்மாவே வந்து நின்றார். "முடிஞ்சுதா சார்?"

பென்சில் கோட்டையும் கீரியையும் கடைசியாக ஒருமுறை அழித்தார். நரி இருந்தபடியே இருந்தது. தாளை நீட்டினார். முதலாளியம்மா இழுத்தார்; வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மறுமுனையில் இவருடைய கட்டைவிரல் நரியின் மேலேயே அழுந்திக் கிடந்தது.