தேயிலைப் பெட்டியில் வைத்த சுருட்டு

சுருட்டுக் கடை போட இடம் தேடறவங்க குன்னூரை விட்டுட்டு வேற எந்த ஊரை வேணும்னாலும் பார்க்கலாம். அங்கே மேகம் யாரையும் கேட்காமல் கடைக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். பத்து வருசம் புகையிலையை உலர்த்தியே கழிச்சேன். ஈர ஊரில் உப்போ அப்பளமோ வித்த மகராசன்களுக்கு என் பாடு புரியும்.

துரை சொன்னது

சுதந்திரம் வந்து எஸ்டேட்டை வித்த பிறகும் சீமைக்குப் போக மனசில்லாத துரை ஒருத்தர் வருவார். விரல் நீளச் சுருட்டுதான் கேட்பார். அதை "செரூட்" என்பார். ஒருநாள் பொறுக்காமல், "துரை, அது எங்க சொல்லுங்க. இலையைச் சுருட்டறதால சுருட்டு. உங்க ஆளுங்க கப்பலில் கொண்டுபோய் மென்னு திருப்பிக் கொண்டாந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவர் பத்தவச்சுக்கிட்டு, பனியில் கரையற மரங்களைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சரி. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. இதை மட்டும் நான் வச்சுக்கிறேன்."

சிகரில்லோ

வெடிமருந்து ஃபாக்டரி கிளார்க் ஒருத்தர். வேலைக்குப் போறப்ப தீப்பெட்டி, சுருட்டு எதுவும் பையில் இருக்கக் கூடாது. அதனால் சாயந்திரம் என் கடையில்தான் அன்னிக்கு முதல் புகை. படிப்பாளி வேற. சின்னச் சுருட்டுக்கு ஸ்பெயினில் சிகரில்லோன்னு பேராம், குட்டிச் சிகார்னு அர்த்தமாம். அந்தச் சிகாரும் மெக்சிகோப் பக்கம் மாயன்கள் புகை இழுக்கறதுக்கு வச்ச சொல்லாம். நான் நமுத்துப்போன கட்டுகளை அடுப்போரம் திருப்பிக்கிட்டே, இதையெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு எரிச்சலா கேட்டேன்.

"ஏனுங்க, பேருக்கு மட்டும் ஈரம் ஏறாதுங்களே."

என் புத்திசாலித்தனம்

ஒரு ஆடி மாசம், திண்டுக்கல்லில் இருந்து மழைக்காலத்துக்கான மொத்தச் சரக்கும் வந்துச்சு. அது பூசணம் பிடிச்சால் கடையை மூடிட்டு மலை இறங்க வேண்டியதுதான். எனக்குத் திடீர்னு ஒரு யோசனை. உள்ளே ஈயத்தாள் ஒட்டின பழைய தேயிலைப் பெட்டிகளை வாங்கி, எல்லாத்தையும் அடுக்கி மூடினேன். பெருமை தாங்கலை.

ரெண்டு வாரம் கழிச்சுத் திறந்தேன். ஒரு புள்ளி பூசணம் இல்லை. ஆனால் சுருட்டு பூரா தேயிலை வாடை. துரை முகர்ந்துட்டு, திருப்பி வச்சுட்டுப் போனார். கிளார்க் ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கீழே வச்சார்.

"இதுக்குப் பாலும் சக்கரையும் தனியா தருவீங்களா?"

முத்தம்மா

சிலோனில் இருந்து வந்து, பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவங்க முத்தம்மா. சனிக்கிழமை தவறாமல் ஒத்தைச் சுருட்டு வாங்குவாங்க. அந்த வாரம், "வேண்டாம்க்கா, தேயிலை வாடை ஏறிக் கெட்டுப்போச்சு"ன்னேன். கொண்டாங்கன்னு வாங்கி முகர்ந்தாங்க. முகர்ந்த கை மூக்கை விட்டு இறங்கவே இல்லை. கண்ணில் தண்ணி கொட்டுது. எனக்குப் பயமா இருந்துச்சு.

"எங்க வீட்டு மனுசன் அங்க கொழுந்து அரைக்கிற ஸ்டோருல வேல செஞ்சாரு, மொதலாளி. தேத்தூள் வாசமும் சுருட்டு வாசமுமாத்தான் நாங்க குடியிருந்த காம்பராவுக்குள்ள வருவாரு. அவரு போயி மூணு வருசம். சனிக்கெழமைக்கு ஒண்ணு கொளுத்தி மூலையில வச்சுப் பாக்குறேன், அந்த வாசம் வரவே இல்ல. இதுதான் அது. வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

சரக்கை வேற யாரும் வாங்காததால அந்த மழையோட கடையை மூடிட்டேன். பத்து வருசத்தில் ஒருத்தர் தேடி வந்த பொருள் அப்படியே என்கிட்ட இருந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் நான் கெடுத்த சரக்கு.